கோரைப்பாயிலிருந்து மணல் தட்டுக்கு: இளம் பூனையை மீண்டும் பழக்கும் முறை

பங்குனிக் கடைசியில், கும்பகோணத்தை ஒட்டிய ஓர் அரிசி ஆலையின் உமிக் குவியலிலிருந்து நாங்கள் எடுத்து வந்த ஆறு வாரக் குட்டி, வந்த மறுநாளே ஆற்று மணல் நிரப்பிய தட்டில் இறங்கிப் பள்ளம் தோண்டி, காரியத்தை முடித்து, மூடியும் விட்டுப் போனது. பூனைக்கு எதையும் கற்றுத் தர வேண்டியதில்லை, இடத்தைக் காட்டினால் போதும் என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஏழு மாதம் கழித்து, ஐப்பசி அடைமழையில், அதே பூனை கூடத்தில் விரித்திருந்த கோரைப்பாயில் சிறுநீர் கழித்தது. இரண்டு நாள் சென்று என் மாமியாரின் துவைத்து மடித்த புடவை. அதற்கடுத்து ரேழியில் கிடந்த சாக்கு. வீட்டுக்கு வந்திருந்த சித்தி, "நீ அதைத் திட்டியிருப்பே, அதான் வஞ்சம் தீர்க்குது" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பூனை வஞ்சம் தீர்ப்பதில்லை. உடலில் வலி இருந்தாலோ, தட்டும் அதில் இருக்கும் பொருளும் பிடிக்காமல் போனாலோ, தட்டு இருக்கும் இடம் அச்சம் தந்தாலோ அது வேறிடம் தேடுகிறது. இவற்றில் எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அதையும் இதே வரிசையில் செய்ய வேண்டும், ஏனென்றால் முதலாவது காரணத்துக்கு நேரம் மிகக் குறைவு.

உடல்நிலையை முதலில் பாருங்கள்

இளம் பூனை அடிக்கடி தட்டுக்குப் போய் வெகுநேரம் குந்தியிருந்து சொட்டுச் சொட்டாக மட்டுமே கழித்தாலோ, கழிக்கும்போது கத்தினாலோ, பிறப்புறுப்பை ஓயாமல் நக்கினாலோ, சிறுநீரில் சிவப்புத் தெரிந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கடுவனாக இருந்து, முக்கியும் சிறுநீரே வரவில்லையென்றால் அன்றே என்பதும் போதாது, அந்த மணி நேரமே கிளம்ப வேண்டும். கடுவனின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் கழிவு இரத்தத்தில் தேங்கி ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போகக்கூடும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டிக் காலத்தை இழப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வலிக்குத்தானே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது அதைவிட மோசம், ஏனெனில் பூனைக்கு அது நஞ்சு.

அரசு கால்நடை மருத்துவமனைகள் டெல்டாவின் பெரும்பாலான ஊர்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மருத்துவர் சிறுநீர் கேட்டால் திணற வேண்டாம். கழுவித் துடைத்த காலித் தட்டில், மீன் தொட்டிக்குப் போடும் சிறு கூழாங்கற்களை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பரப்பினால், கல் ஈரத்தை உறிஞ்சாது. பூனை போனதும் தட்டைச் சாய்த்து, அடியில் நிற்பதை ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சித் தாமதமின்றிக் கொண்டுபோகலாம்.

மலம் தட்டுக்கு வெளியே விழுகிறது, அதுவும் இளக்கமாக இருக்கிறது என்றால் முதலில் பாலை நிறுத்துங்கள். நம் வீடுகளில் பூனை என்றாலே பால்சோறுதான், ஆனால் பால்குடி மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்காகிவிடும், அந்த அவசரத்தில் தட்டு வரை ஓட அதற்கு நேரம் இருக்காது. பாலை நிறுத்தியும் நிற்கவில்லையென்றால் குடற்புழுவாக இருக்கலாம். மருத்துவரிடம் எடை பார்த்து மருந்து வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பூனை குந்தாமல் நின்றபடியே, வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, சுவரிலோ கதவிலோ பீரோவிலோ பின்புறமாகப் பீச்சியடித்தால், அது கழிப்பு அல்ல, எல்லை குறிப்பது. ஐந்தாறு மாதத்தில் பருவமடையும் கடுவன்களிடம் இது தொடங்கும், பெட்டைகளும் சினைப்பருவத்தில் செய்வதுண்டு. இதற்குத் தட்டை மாற்றிப் பயனில்லை. கருத்தடை அறுவையே வழி, பெரும்பாலான கடுவன்கள் அதோடு நிறுத்திவிடும். எங்கள் பூனைக்குப் புரட்டாசியிலேயே கருத்தடை ஆகியிருந்தது, சிறுநீர்ப் பரிசோதனையிலும் குறை இல்லை. ஆகவே குற்றவாளி தட்டின் பக்கம்தான் இருந்தது.

தட்டின் விளிம்பில் நடப்பதைக் கவனியுங்கள்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் பூனை கழிக்கப் போகும். அந்த நேரங்களில் தட்டுக்குச் சற்றுத் தள்ளி, நேராக உற்றுப் பார்க்காமல், கையில் ஏதாவது வேலையோடு உட்காருங்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தேன். பூனை வந்தது. முன்கால் இரண்டையும் உள்ளே வைத்தது, உடனே வலது பாதத்தைத் தூக்கி, தண்ணீரில் மிதித்தது போல உதறியது. பின்கால்களை உள்ளே வைக்கவே இல்லை. தட்டின் விளிம்பிலேயே ஏற்றி நிறுத்தி, நான்கு காலையும் ஒடுக்கிக்கொண்டு ஒரு கணம் தள்ளாடியது. மதில்மேல் பூனை என்பது எத்தனை பொருத்தமான சொல் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு ஒரு பிறாண்டல்கூட இல்லாமல் இறங்கிப் பாயை நோக்கி நடந்தது.

இந்தச் சில நொடிகளில் வேண்டிய செய்தியெல்லாம் இருந்தது. பாதத்தை உதறுவதும், தோண்டாமல் மூடாமல் ஓடுவதும், விளிம்பில் நின்று கழிப்பதும், மணலை விட்டுவிட்டுத் தட்டின் சுவரையே பிறாண்டுவதும் உள்ளே இருக்கும் பொருள் பிடிக்கவில்லை என்பதற்கான அடையாளங்கள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் தட்டு நாறுகிறது என்று பொருள். ஒழுங்காக உள்ளே போய்க் குந்தியும், பின்புறம் வெளியே நீட்டிக்கொண்டு தரையில் விழுந்தால் தட்டு சிறியது. பாதி வேலையில் காது திருப்பி, திடுக்கிட்டு ஓடினால் குறை இடத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பொருளும் அளவும் இரண்டுமே தவறாகியிருந்தன. மழையில் மணல் காயாததால், அந்த வாரம்தான், ஈரம் பட்டால் கட்டியாகும் வாசனைக் களிமண் பொடியை ஒரு கடையில் வாங்கி வந்திருந்தேன். லாவெண்டர் வாசனை இருந்தால் வீடு மணக்கும் என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். வாசனை நம் மூக்குக்குத்தான்; நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்குள்ள பூனைக்கு அது அத்தர்க் கடைக்குள் கழிப்பறை வைத்தது போல இருந்திருக்கும். தட்டோ பங்குனியில், கையளவு குட்டிக்கு வாங்கியது.

தட்டின் நீளம், பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், அதுவும் நன்றாகத் திரும்பி உட்காரும் அகலத்தோடு. கடையில் தட்டு என்று விற்பவற்றில் பல, வளர்ந்த பூனைக்குப் போதாது. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு விரல் உயரம் விட்டு வாசல் போல அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினால் விலை உயர்ந்த தட்டைவிட நன்றாக உழைக்கும். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் தோண்டும்போது மணல் கூடமெங்கும் சிதறாது. மூடி போட்ட கூண்டுத் தட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்: நாற்றம் உள்ளேயே அடைபடும், நமக்கு அழுக்கு கண்ணில் படாததால் அள்ளுவதையும் மறந்துவிடுவோம்.

மணலா, உமியா, நார்த்தூளா

இந்தப் பகுதியில் கிடைப்பவற்றையெல்லாம் நான் போட்டுப் பார்த்துவிட்டேன். சல்லடையில் சலித்த நைசான ஆற்று மணல்தான் பூனையின் பாதத்துக்கு மிகவும் பிடித்தது. வீடு கட்டியது போக மீந்த மணல் ஒரு மூட்டை இருந்தால் போதும். அதன் குறை, அது சிறுநீரை உறிஞ்சாது என்பதே. ஈரம் அடிக்கு இறங்கித் தேங்கும், இரண்டு நாளில் அம்மோனியா நெடி கிளம்பும். வெயில் காலத்தில் ஈரப் பகுதியை அள்ளிவிட்டு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றினால் சமாளிக்கலாம், மழைக்காலத்தில் அது நடக்காது. எம்-சாண்ட் வேண்டாம், அதன் துகள்கள் கூர்மையானவை.

உமி ஆலைகளில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் தனியாகப் போட்டால் எடையில்லாமல் பறக்கும், ரோமத்தில் ஒட்டும், ஈரத்தையும் அதிகம் இழுக்காது. தென்னை நார்த்தூள் நன்றாக உறிஞ்சும், நாற்றத்தையும் கட்டும்; பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தட்டுப்பாடே இல்லை. மாடித் தோட்டத்துக்கு விற்கும் கட்டியை நனைத்து உதிர்த்தால் முழுக்கக் காயவைத்த பிறகே போட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். பழுப்புப் பாதச்சுவடு வீடெங்கும் விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தூள் எடுப்பதானால் பிளைவுட் அறுக்கும் கடைத் தூள் ஆகாது, அதில் பசை கலந்திருக்கும். அடுப்புச் சாம்பல் பழைய வழக்கம்தான், எங்கள் பாட்டி வீட்டுப் பூனைகள் சாம்பல் மேட்டையே நாடும்; ஆனாலும் நனைந்த விறகுச் சாம்பல் காரமாகிப் பாதத்தையும், நக்கும்போது நாக்கையும் புண்ணாக்கும் என்பதால் வேண்டுமென்றே அதை நிரப்ப வேண்டாம்.

கட்டியாகும் களிமண் பொடி, வாசனை சேர்க்காததாக இருந்தால், சுத்தம் செய்ய எளிது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகள் எதையும் தின்று பார்க்கும், அது வயிற்றில் போய் உப்பிவிடும் என்பதால் அந்த வயதில் மட்டும் தவிர்க்க வேண்டும்.

எதைப் போடுவது என்று பூனையையே கேட்டுவிடலாம். ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இரண்டு அங்குல ஆழத்துக்கு வெவ்வேறு பொருளை நிரப்பி, மூன்று நான்கு நாள் எதில் எத்தனை முறை போகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். நடுவில் தட்டுகளை இடம் மாற்றி வைத்தால், அது பொருளைத் தேடி வருகிறதா இடத்தைத் தேடி வருகிறதா என்பதும் விளங்கிவிடும். எங்கள் பூனை வாசனையில்லாத களிமண்ணை ஒருமுறைகூடத் தொடவில்லை. மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு புடைத்த உமி கலந்த தட்டில்தான் மூன்று நாளும் போனது. உமிக் குவியலில் கண் திறந்த குட்டி ஆயிற்றே என்று பிறகு தோன்றியது. முதல் சில வாரங்களில் பாதத்துக்குப் பழகிய பொருளைப் பூனைகள் எளிதில் விடுவதில்லை. ஆனால் பெரிய டப்பையும் நான் அதே நாளில்தான் கொண்டுவந்து வைத்தேன் என்பதால், எதனால் எத்தனை பங்கு சரியானது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதுப் பொருளுக்குப் போவதானாலும் பழையதோடு ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி என்று கூட்டி, பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஒருமுறை, இரவு ஒருமுறை அள்ள வேண்டும். வாரம் ஒருமுறை தட்டைக் காலி செய்து, வாசனையில்லாத சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உலர்த்தி நிரப்ப வேண்டும். தட்டுகளின் எண்ணிக்கை, பூனைகளைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். ஒற்றைப் பூனைக்கு இரண்டு எதற்கு என்று கேட்பார்கள். சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளும் பூனைகள் உண்டு.

எந்த இடத்தில்

பழைய வீடுகளில் தட்டுக்கு முதலில் தோன்றும் இடம் முற்றம். அது மழைக்குத் திறந்திருக்கிறது என்பதோடு, ஓட்டுக்கூரை மேல் உலாவும் தெருக் கடுவன் அங்கிருந்து எட்டிப் பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். குந்தியிருக்கும் நேரத்தில் தன்னைப் பார்க்கும் கண் ஒன்று இருந்தால் இளம் பூனை அந்த இடத்துக்கு மீண்டும் வராது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும், திடீரென்று உறுமும் வாஷிங் மெஷின், மோட்டார் இவற்றுக்குப் பக்கத்திலும் வேண்டாம். மூலையாக இருந்தாலும் இரண்டு பக்கம் தப்பிக்க வழியுள்ள மூலையாக இருக்க வேண்டும். மாடி வீடென்றால் மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று. தீபாவளி வெடிச் சத்தத்தின்போது தட்டில் இருந்த பூனை அந்தத் தட்டையே சந்தேகிக்கத் தொடங்கும், எனவே அந்த இரண்டு நாளும் தெருப் பக்கத்து அறையிலிருந்து தட்டைக் கொல்லைப் பக்க அறைக்கு மாற்றி, பூனையையும் அங்கேயே வைத்திருப்பது நல்லது.

நனைந்த இடத்தைக் கழுவுதல்

இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை பினாயில். பூனையின் கல்லீரலால் பீனால் வகைப் பொருள்களைச் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது. பினாயில் தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் நஞ்சு உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நம் மூச்சையே அடைக்கும் வாயுவை உண்டாக்கும். வராமல் தடுக்கிறேன் என்று கற்பூரமும் அந்துருண்டையும் போட்டு வைக்கிறார்கள், அவையும் பூனைக்கு நஞ்சே.

முதலில் பழைய துணியாலோ நாளிதழ்த் தாளாலோ அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு தண்ணீர் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். அதன் பின் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி (என்சைம்) கலந்த திரவத்தை இடம் நன்றாக நனையும்படி தெளித்து, போத்தலில் சொல்லியிருக்கும் நேரம் வரை விட்டுவிட வேண்டும். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலப் படிகங்கள் தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை. காய்ந்தபின் நமக்கு மணக்காமல் இருந்து, மழைக்கால ஈரப்பதத்தில் மறுபடி நெடியடிக்கும். ஐப்பசியில் பழைய இடங்களெல்லாம் ஒரே நாளில் நாறத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். நொதித் திரவம் கைக்கு எட்டாத ஊரில் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, காய்ந்ததும் சமையல் சோடா தூவி மறுநாள் பெருக்கலாம். சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்ட் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம், புளிப்பு அந்த மெருகைத் தின்றுவிடும்.

எங்கெங்கே கழித்திருக்கிறது என்று தெரியாவிட்டால், கடைகளில் ரூபாய் நோட்டுச் சரிபார்க்கும் ஊதா விளக்கு டார்ச்சை இரவில் விளக்கணைத்துத் தரையில் அடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கிய பச்சை மஞ்சளாக ஒளிரும். எனக்கு மூன்று இடம் என்று தெரிந்திருந்தது, டார்ச் ஏழு காட்டியது. கோரைப்பாயை அலசி வெயிலில் காயவைக்கலாம். இலவம்பஞ்சு மெத்தைக்குள் இறங்கிவிட்டால் பஞ்சைப் பிரித்து உறையைத் துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மீண்டும் பழக்குதல்

தவறு செய்த இடத்துக்குப் பூனையைத் தூக்கிச் சென்று மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் ஒரு பயனும் தராது; நீங்கள் இருக்கும்போது கழிக்கக் கூடாது என்று மட்டும் அது கற்றுக்கொண்டு, பீரோவுக்குப் பின்னால் போகத் தொடங்கும். மாறாக, ஒரு சிறிய அறையில் தண்ணீர், உணவு, படுக்க ஒரு துணி, எதிர் மூலையில் தட்டு என்று வைத்து ஓரிரு வாரம் அங்கேயே பழக்குங்கள், தினமும் கூட உட்கார்ந்து விளையாடுங்கள். ஒழுங்காகத் தட்டில் போகத் தொடங்கியதும் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுங்கள். அறை ஒதுக்க முடியாத வீட்டில், அது விரும்பிப் போகும் இடத்திலேயே தட்டை வைத்து, அங்கே பழகியபின் நாளுக்கு ஒரு சாண் என்று நகர்த்தி நமக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு நாள் தவறினால் முந்தைய நாளின் இடத்துக்குத் தட்டைத் திருப்பி வையுங்கள்.

அள்ளிய கழிவை வாய்க்காலிலோ கீரைப் பாத்தியிலோ கொட்டக் கூடாது, கட்டியாகும் பொடியைக் கழிப்பறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் பொதிந்து குப்பையில் சேர்ப்பதே சரி. கருவுற்றிருக்கும் பெண்கள் இந்த வேலையை வீட்டிலுள்ள வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும் என்பதால், மற்றவர் தினமும் அள்ளிக் கையை சோப்புப் போட்டுக் கழுவினாலே ஆபத்து வெகுவாகக் குறையும்.

எங்கள் பூனையின் தட்டு ரேழியிலிருந்து கொல்லைக் கதவருகே போய்ச் சேர, நாளுக்கு ஒரு சாண் கணக்கில், கார்த்திகை முழுவதும் ஆனது. மாமியார் இப்போது புடவையைக் கூடத்தில் மடித்து வைக்கிறார். ரேழியில் வைத்த இரண்டாவது தட்டை மட்டும் நான் இன்னும் எடுக்கவில்லை.